கழுத்து டாப்ளர்: 40 சதவீதமா, 64 சதவீதமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிபிக்கும் சுகருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் படுக்கையில் புரளும்போது தலை சுற்றுகிறது என்று சொன்னதால், மாஸ்டர் ஹெல்த் செக்கப்போடு சேர்த்துக் கழுத்துக்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் வலது பக்கக் கரோடிட் குழாயில் 40 சதவீத அடைப்பு என்று வந்தது. பயந்துபோய் ஒரு மாதம் கழித்து வேறொரு சென்டரில் எடுத்தோம். அங்கே 64 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். ஒரே மாதத்தில் இவ்வளவு ஏறுமா? ஸ்டென்ட் வைக்க வேண்டுமா? பூண்டு சாப்பிட்டால் கரையும் என்கிறார்களே? அம்மாவுக்கும் எங்கள் பகுதியில் நடக்கும் முகாமில் இதே ஸ்கேன் எடுத்துவிடலாமா? இரண்டு ரிப்போர்ட்டையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் இணைத்திருக்கிறேன்.

பி.கு.: என் சித்தப்பாவுக்கு (52) நான்கு நாள் முன்பு சாப்பிடும்போது வலது கையைப் பத்து நிமிடம் தூக்க முடியவில்லை, பேச்சும் குழறியது. அப்புறம் தானாகச் சரியாகிவிட்டது. வாயுவாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். அவருக்கும் ஸ்கேன் எடுக்கலாமா? பீடி பிடிப்பவர்.

— ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் பின்குறிப்புக்குத்தான் முதல் பதில். கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதியதை, மற்றவர்களுக்காக இங்கே திரும்பச் சொல்கிறேன்: சித்தப்பாவை இன்றே, இப்போதே, நரம்பியல் மருத்துவரும் ஸ்கேன் வசதியும் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டாம், ஞாயிறு கழியட்டும் என்று இருக்க வேண்டாம்.

ஒரு பக்கக் கை விழுந்து, பேச்சு குழறி, பத்து நிமிடத்தில் சரியானால் அது வாயு இல்லை. மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டுத் திரும்ப ஓடியிருக்கிறது. மினி ஸ்ட்ரோக் என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். முழுப் பக்கவாதம் வருவதற்கு முன் உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை அது. எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இப்படி வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் பக்கவாதம் வந்தது என்றும், அதில் பாதி முதல் இரண்டே நாளில் வந்தது என்றும் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. உடனடியாகக் கவனித்தால் என்ன ஆகும் என்பதை ஆக்ஸ்ஃபோர்டில் பார்த்தார்கள். 2007-இல் வெளியான அந்த முடிவில், மூன்று மாதத்துக்குள் பக்கவாதம் வருவது 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாக இறங்கியது. புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. இருக்கிற சிகிச்சையை அன்றைக்கே தொடங்கினார்கள், அவ்வளவுதான். உங்கள் சித்தப்பாவுக்கு நான்கு நாள் போய்விட்டது. ஆபத்து அதிகமான நாட்களைத் தாண்டிவிட்டார் என்று ஆறுதல் அடையாதீர்கள். அடுத்த சில வாரமும் சாதாரண வாரங்கள் இல்லை.

அங்கே மூளைக்கு ஸ்கேன், இசிஜி, ரத்தப் பரிசோதனை, கழுத்து டாப்ளர் அல்லது சிடி ஆஞ்சியோ எல்லாம் ஒரே மூச்சில் பார்ப்பார்கள். வலது கையும் பேச்சும் பாதித்ததால் சந்தேகம் இடது பக்க மூளை மேல், அதாவது இடது கரோடிட் மேல் விழுகிறது. மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் தெரிந்த பிறகு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துச் சில வாரத்துக்குத் தருவது வழக்கம். ஸ்கேனுக்கு முன்னால் வீட்டிலேயே ஆஸ்பிரின் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கசிவாக இருந்தால் அது நிலைமையைக் கெடுக்கும்.

ஒருவேளை அவருடைய இடது கரோடிட் 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால், அப்போதுதான் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு. குழாயைத் திறந்து உள்ளே படிந்திருக்கும் கொழுப்பை வழித்தெடுக்கும் இந்த அறுவை சிகிச்சை 1950-களிலிருந்து நடந்துவருகிறது. இதனால் பலன் உண்டா என்று வட அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்து 1991-இல் முடிவை வெளியிட்டார்கள். அறிகுறி வந்தவர்களில், 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தவர்கள் மாத்திரை மட்டும் சாப்பிட்டபோது, இரண்டு ஆண்டில் அதே பக்கப் பக்கவாதம் 26 சதவீதம் பேருக்கு வந்தது. அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர்களில் அது 9 சதவீதம். மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான வித்தியாசம் அடிக்கடி கிடைக்காது. 50 முதல் 69 வரை பலன் குறைவு. 50-க்குக் கீழே பலனே இல்லை. இதைச் செய்வதானால் அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். தள்ளிப்போடப் போட அதன் பயன் கரைந்துகொண்டே போகும்.

சரி, இப்போது அப்பா.

40, 64 என்ற இரண்டு எண்ணையும் பார்த்து நீங்கள் பயந்தது இயல்பு. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர்கள் இரண்டு வரி விளக்கியிருந்தால் உங்கள் வீட்டில் ஒரு மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் சென்டர் குழாயின் விட்டம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்திருக்கிறது. இரண்டாவது சென்டர் குறுக்குவெட்டுப் பரப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்திருக்கிறது. அந்த வரியில் பரப்பு என்று தெளிவாகவே போட்டிருக்கிறார்கள், சிறிய எழுத்தில்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். விட்டம் 10 பங்கு இருந்தது 6 பங்காகக் குறைந்தால், அது 40 சதவீதக் குறைவு. பரப்பு என்பது விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100 இருந்த இடத்தில் 36 மிஞ்சுகிறது. ஆக 64 சதவீதக் குறைவு. உங்கள் அப்பாவின் குழாய் ஒரு மாதத்தில் துளியும் மாறவில்லை. ஒரே குழாயை இரண்டு விதமாக அளந்திருக்கிறார்கள். இதே கணக்கில் விட்டத்தில் 50 என்றால் பரப்பில் 75. சிகிச்சை முடிவுகளுக்கு அடிப்படையான பெரிய ஆய்வுகள் எல்லாம் விட்டத்தை வைத்துத்தான் நடந்தன. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வட அமெரிக்க ஆய்வு, சுருங்கிய இடத்தை அதற்கு மேலே உள்ள நல்ல குழாயோடு ஒப்பிட்டது. ஐரோப்பிய ஆய்வோ, அந்த இடத்தில் குழாய் முதலில் எவ்வளவு அகலமாக இருந்திருக்கும் என்று கணித்து அதோடு ஒப்பிட்டது. இரண்டு முறையிலும் ஒரே நோயாளிக்கு வேறு வேறு சதவீதம் வரும். அதனால் யாராவது உங்களிடம் "64 சதவீதம், உடனே ஏதாவது செய்யணும்" என்றால், எதன் 64 என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

சதவீதத்தை விட நான் முதலில் தேடுவது வேறு ஒரு எண். அது இரண்டு ரிப்போர்ட்டிலும் இருக்கிறது. சுருங்கிய இடத்தில் ரத்தம் பாயும் உச்ச வேகம். ஒன்றில் வினாடிக்கு 94 சென்டிமீட்டர், மற்றதில் 98. தோட்டத்து ஓஸ் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் வேகமாகப் பீச்சுகிறதே, அதேதான் இங்கேயும். குழாய் எந்த அளவு நெருங்குகிறதோ அந்த அளவு ரத்தம் வேகமெடுக்கும். அந்த வேகத்தை ஒலி அலையின் மாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றிச் சொன்ன கருத்து, நூறு ஆண்டுக்கு மேல் கழித்து அப்பாவின் கழுத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கரோடிட்டில் மூளைக்குப் போகும் கிளையான உள் கரோடிட்டில் வேகம் வினாடிக்கு 125 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு 50 சதவீதத்துக்குக் கீழே. 125 முதல் 230 வரை என்றால் 50 முதல் 69. 230-ஐத் தாண்டினால் 70 அல்லது அதற்கு மேல். 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க ரேடியாலஜி நிபுணர்கள் கூடி வகுத்த இந்த எல்லைகளைத்தான் பெரும்பாலான சென்டர்கள் பின்பற்றுகின்றன. அப்பா 98. கோட்டுக்கு நன்றாகக் கீழே.

வேகத்தை மட்டும் நம்பிவிடவும் முடியாது. குழாய் கிட்டத்தட்ட முழுதும் அடைந்துபோன நிலையில் ரத்தம் ஊர்ந்து போவதால் வேகம் குறைவாகவே காட்டும். இதயம் பலவீனமாக இருந்தாலும் அப்படித்தான். எதிர்ப்பக்கக் குழாய் முழுக்க அடைந்திருந்தால் இந்தப் பக்கம் இல்லாத வேகம் காட்டும். சுண்ணாம்பு ஏறிய படிவு நிழல் விழுத்தி உள்ளே இருப்பதை மறைக்கும். கருவியைப் பிடிக்கும் கோணம் தவறினால் கணக்கே தவறும். அதனால் நல்ல ரேடியாலஜிஸ்ட் படத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் எழுதுவார். அப்பாவின் இரண்டு ரிப்போர்ட்டிலும் படமும் வேகமும் ஒத்துப்போகின்றன. எனக்கு சந்தேகம் எதுவும் இல்லை.

ஆகவே ஸ்டென்ட் வேண்டாம், அறுவை சிகிச்சை வேண்டாம், ஆஞ்சியோகிராமும் வேண்டாம். அப்பாவுக்கு அறிகுறி ஏதும் வந்ததில்லை, அடைப்பு 50-க்குக் கீழே. இந்த நிலையில் குழாய்க்குள் கம்பியை நுழைப்பதால் லாபம் எதுவும் கிடையாது, ஆபத்து மட்டும் உண்டு. படிவைத் தொடும்போதே ஒரு துணுக்கு கழன்று மூளைக்குப் போய்விடலாம். அறிகுறி இல்லாதவர்களுக்குச் செய்த அறுவை சிகிச்சைகளில்கூட, ஒரு மாதத்துக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது அந்தக் காலப் பெரிய ஆய்வுகளில் 2 முதல் 3 சதவீதம். 70-க்கு மேல் அடைப்பு உள்ள, அறிகுறி இல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்பதில்தான் நிபுணர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. அப்பா அந்த வாதத்துக்கு வெகு தூரத்தில் இருக்கிறார். இதை இன்று ராத்திரி அவர் படுக்கப்போகும் முன் சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் அந்தத் தலைசுற்றல்? அதற்கும் கரோடிட்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கரோடிட் அடைப்பு தலைசுற்றலை மட்டும் தனியாகக் கொண்டுவருவது மிக அரிது. அது கொண்டுவரும் அறிகுறிகள் வேறு: ஒரு பக்கக் கை கால் பலவீனம் அல்லது மரத்துப்போதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் அல்லது வார்த்தை வராமை, ஒரு கண்ணில் திரை இறங்கியது போலச் சில நிமிடம் பார்வை மறைதல். இந்தக் கடைசி அறிகுறியைப் பலர் கண் டாக்டரிடம் கொண்டுபோய் நாள் கடத்துகிறார்கள். அப்பாவுக்குப் படுக்கையில் புரளும்போதும், அண்ணாந்து பார்க்கும்போதும் சில வினாடிகள் உலகமே சுற்றி நிற்கிறது என்றால், உட்காதில் உள்ள நுண்துகள்கள் இடம் மாறியதாக இருக்க அதிக வாய்ப்பு. தலையை ஒரு குறிப்பிட்ட வரிசையில் திருப்பிச் செய்யும் பயிற்சியால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பலருக்கும் ஒன்றிரண்டு தடவையிலேயே சரிசெய்துவிடுவார். எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டுகிறது என்றால், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிபி பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் பிபி மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கும். தலைசுற்றல் என்றதும் கழுத்து டாப்ளருக்கு எழுதுவது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது. வெறும் மயக்கத்துக்கு இந்த ஸ்கேன் தேவையில்லை என்று மருத்துவச் சங்கங்களே சொல்லியும் நிற்கவில்லை.

அதற்காக அப்பாவின் ஸ்கேன் வீண் என்று சொல்லவில்லை. ஒரு விஷயத்தை அது உறுதியாகச் சொல்லிவிட்டது: அவருடைய ரத்தக்குழாய்களில் கொழுப்புப் படிய ஆரம்பித்துவிட்டது. கழுத்தில் படிந்தது இதயத்துக் குழாயை மட்டும் விட்டுவைக்காது. இப்படிப்பட்டவர்களுக்குப் பக்கவாதத்தைப் போலவே மாரடைப்பும் பெரிய கவலை. உங்கள் கடிதத்தில் இருந்த எண்களில் என்னை உறுத்தியது 40-உம் இல்லை, 64-உம் இல்லை. ரத்தப் பரிசோதனையில் இருந்த 142. கெட்ட கொழுப்பின் அளவு அது. சுகரும் பிபியும் உள்ள, குழாயில் படிவும் உள்ள ஒருவருக்கு அது 70-க்குக் கீழே இருக்க வேண்டும். அவர் சாப்பிடும் மாத்திரைப் பட்டியலில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் இல்லவே இல்லை. உங்கள் குடும்ப டாக்டரிடம் இதைத்தான் முதலில் கேளுங்கள். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்றவை விலை குறைந்தவை, பல ஆண்டு அனுபவம் உள்ளவை. அவை படிவை மாயமாக மறைய வைக்காது. அதன் மேல் மூடியைக் கெட்டிப்படுத்தி, உடையாமல் பார்த்துக்கொள்ளும். பக்கவாதம் பெரும்பாலும் குழாய் மெல்ல மெல்ல மூடிப்போவதால் வருவதில்லை. படிவு உடைந்து, அதன் மேல் ரத்தம் உறைந்து, அந்தத் துணுக்கு மேலே போய் மூளையில் சிக்குவதால் வருகிறது. கொழுப்பு அளவு இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது நம்மவர்கள் பழக்கம். இறங்கியதே மாத்திரையால்தான். நிறுத்தினால் திரும்ப ஏறும்.

பிபி 130-க்கு 80 என்ற அளவுக்குள் நிற்கட்டும். மூன்று மாத சராசரிச் சர்க்கரை 7-ஐ ஒட்டி இருந்தால் போதும். அரைமணி நேர நடை, ஊறுகாய் அப்பளத்தில் கைக் கட்டுப்பாடு எல்லாம் நீங்கள் ஏற்கெனவே கேட்டவைதான். ஆஸ்பிரினைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: அறிகுறி இல்லாதவருக்கு அது தானாக எழுதப்படும் மாத்திரை இல்லை. வயிற்றில் ரத்தக்கசிவு ஆபத்தையும் எடைபோட்டு டாக்டர் முடிவு செய்யட்டும், பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம். பூண்டு தாராளமாகச் சாப்பிடலாம், ரசம் மணக்கும். குழாயில் உள்ளதைக் கரைக்கும் என்று நம்பி ஸ்டாட்டினைத் தவிர்த்துவிடாதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையை இரண்டு பக்கமும் திருப்பி நெட்டி முறிப்பார்களே, அதை அப்பா இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிடட்டும். அப்பா மட்டும் இல்லை, யாருக்குமே வேண்டாம். அந்தத் திடீர்த் திருப்பலில் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, இளவயதுக்காரர்களுக்கே பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு.

டாப்ளரை மறுபடி எப்போது எடுப்பது என்று அடுத்து கேட்பீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பது பணத்துக்கும் நிம்மதிக்கும் கேடு. மேலே சொன்ன அறிகுறி ஏதாவது வந்தால் உடனே. இல்லையென்றால் ஒன்றிரண்டு ஆண்டு கழித்து ஒரு தடவை போதும், அதுவும் உங்கள் டாக்டர் விரும்பினால். எடுக்கும்போது முதலில் எடுத்த அதே சென்டருக்கே போங்கள், பழைய ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் மறுபடி 40, 64 கதைதான்.

அம்மாவுக்கு வருகிறேன். அவருக்கு அறிகுறி இல்லை, சுகர் பிபி இருப்பதாகவும் நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் இந்த ஸ்கேன் வேண்டாம். அறிகுறி இல்லாத பொதுமக்களுக்குக் கரோடிட் அடைப்பைத் தேடி ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2014-இல் சொன்னது, 2021-இல் ஆராய்ந்து அதையே திரும்பவும் சொன்னது. ஸ்கேனே ஆபத்து என்று அர்த்தம் இல்லை. கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது, வெறும் வயிறும் வேண்டாம், கழுத்தில் ஜெல் தடவி அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆபத்து அதற்குப் பின்னால் இருக்கிறது. ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றைக் காட்டி, அடுத்த ஸ்கேன், அதற்கடுத்த ஆஞ்சியோ என்று இழுத்துக்கொண்டு போகும். கழுத்தில் ஸ்டெத்தாஸ்கோப் வைத்து டாக்டர் இரைச்சல் கேட்டிருந்தால், கழுத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சை நடந்திருந்தால், பைபாஸ் அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர் என்றால், அது வேறு விஷயம்.

ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் பக்கவாதம் வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. கழுத்து டாப்ளர் கழுத்தை மட்டும்தான் பார்க்கிறது. மண்டைக்குள் இருக்கும் குழாய்களின் அடைப்பு இந்தியர்களிடம் வெள்ளையர்களை விட அதிகம், அது இந்த ஸ்கேனில் சரியாகத் தெரியாது. உயர் ரத்த அழுத்தத்தால் நுண்குழாய்கள் கெடுவதும் தெரியாது. இதயம் தாளம் தப்பித் துடித்து, அங்கே உறையும் ரத்தக்கட்டி மூளைக்குப் போவதும் தெரியாது.

அதனால் அம்மா முகாமுக்குப் போவதைத் தடுக்காதீர்கள், போகட்டும். பிபி பார்க்கச் சொல்லுங்கள், சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கட்டும். ஒரு நிமிடம் நாடி பிடித்துப் பார்த்துத் துடிப்பு சீராக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சீராக இல்லையென்றால் இசிஜி. டாப்ளர் மேஜை வந்ததும் நன்றி சொல்லி நகர்ந்துவிடலாம். அவர் திரும்பி வரும்போது சித்தப்பாவும் மருத்துவமனையில் சேர்ந்திருக்க வேண்டும். அங்கே எடுக்கும் ஸ்கேன் படங்களை எனக்கும் அனுப்புங்கள், இடது பக்க வேகம் எவ்வளவு என்று பார்க்கிறேன்.